தளர்வு

கைப்பிடியில் இரண்டு சக்கரம், ஒன்றன்மேல் ஒன்று.
பெரியது மேலும் கீழும்,
சிறியது இடமும் வலமும்.
அங்கிருந்து நான்கு கம்பிகள்
ஒன்றரை மீட்டர் இருட்டில் ஓடி
முனையின் கடைசி வளையத்தில் பற்றவைபட்டு நிற்கும்.
வாலைப் பிடித்தபடி தலையைத் திருப்பும் வித்தை.
டண்டினோங் தெற்கில்,
டயர்க் கடைக்கும் இறைச்சிக் கிடங்குக்கும் நடுவில்
பதினொரு வருடமாக இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கம்பி தொய்யும்.
யார் குற்றமும் இல்லை, இழுபட்டதெல்லாம் தொய்யும்.
அப்போது சக்கரம் திரும்பும்,
முனை சும்மா இருக்கும்.
கைக்கும் செயலுக்கும் இடையே
ஒன்றுமே நடக்காத அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு
எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: தளர்வு.
மிஞ்சினால் டாக்டர் தடுமாறுவார்.
அறவே இல்லாமல் முறுக்கினால்
ஒருநாள் உள்ளே வைத்தே அறும்.

"என் மகனுக்கும் இதே வியாதி,
திங்கள் சொன்னால் வியாழன்தான் திரும்புவான்"
என்பான் அடுத்த மேசை நஸீர்,
ரப்பர் உறையின் நுனியில்
கறுப்பு நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றியபடி.
பசை காய்ந்ததும் தொட்டியில் அமுக்குவோம்.
குமிழி வருகிறதா என்று
இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்போம்.

டாக்டர்களின் முகம் தெரியாது எனக்கு.
பெருவிரல்கள் தெரியும்.
ஒருவர் மேல்நோக்கித் தள்ளித் தள்ளியே
சக்கரத்தின் ஒரு பல்லை மழுக்கியிருப்பார்.
ஒருவர் பூட்டுத் தாழைத் தொட்டதேயில்லை.
இன்னொருவருக்குச் சிறிய சக்கரம் இருப்பதே மறந்துபோகும்,
இடுப்பால் திருப்புகிறவர்,
குழாய் முறுகிய விதத்திலேயே ஆள் பிடிபடும்.

ஐம்பது முடிந்ததும்
அரசாங்கம் தபாலில் ஓர் உறை அனுப்பும்.
வாழ்த்து அட்டை அல்ல.
சொன்னபடி நிரப்பி அனுப்பினேன்.
இரத்தம் இருக்கிறது என்று பதில் வந்தது.

கைப்பட்டியில் என் பெயர்
சிவகடாட் என்று ஒரு வரி, சம் என்று ஒரு வரி.
இடப்பக்கம் சரிந்து படுத்தேன்.
"உடம்பைத் தளர விடுங்கள்" என்றாள் நர்ஸ்.
அந்தச் சொல்தானா கிடைத்தது அவளுக்கு.
"அதன் இலக்கம் என்ன?" என்று கேட்டேன்.
பயத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்திருப்பாள்,
பாதி உண்மை.
என்றாலும் குனிந்து வாசித்தாள்:
நான்கு, ஒன்று, ஏழு.

சனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை.
வெளியே நாற்பத்தொரு பாகை வெயில்,
குளிரூட்டி செத்துக் கிடந்தது.
மேலே நூற்றெண்பது, சரி.
கீழே, சரி.
வலம் நூற்றறுபது, சரி.
இடம் நூற்றைம்பத்தாறு.
நான்கு மணி வான் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது.
நூற்றறுபது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.
நாலு பாகையில் யார் குடி முழுகும் என்றேன்,
நஸீரிடம் இல்லை, எனக்குள்.

இப்போது அந்த நாலு பாகையும்
என் பின்னால் வந்து நின்றன.

மயக்கம் ஏறுமுன் கடைசியாய்க் கண்டது
டாக்டரின் இடது கை.
கையுறைக்குள் அந்தப் பெருவிரல்
மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தது, ஒருமுறை.
ஓ, நீங்களா.

விழித்தபோது ஆறிய தேநீர், இரண்டு பிஸ்கட்.
"ஒரு சின்ன முளை, எடுத்தாயிற்று,
பயப்பட ஒன்றுமில்லை" என்றார் டாக்டர் பாவ்லிடிஸ்.
"ஒரு வளைவில்தான் மினக்கெட்டுப் போனேன்,
இடப்பக்கம் திரும்பவே மறுத்தது.
உங்கள் குடலுக்குச் சரியான பிடிவாதம்."
பழியைக் குடல் வாங்கிக்கொண்டது.
நான் பிஸ்கட்டைக் கடித்தபடி தலையாட்டினேன்.

திங்கள் காலை
நானூற்றுப் பதினேழைத் திருப்பி அழைத்தேன்.
பெட்டியைத் திறந்து,
படிவத்தில் காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே
நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு கை சக்கரத்தைத் திருப்பியது.
மறு கையில் பேனா சும்மா இருந்தது.
பிறகு, கொஞ்சம் தாமதமாய்,
அதுவும் அசைந்தது:

இடம் 156. சனவரியிலிருந்தே.